வெண்டைக்காட்டு மிலிட்டரி

வெண்டைக்காயின் சுனை, அதைப் பறித்தவர்களுக்குத்தான் தெரியும். கடையில் வாங்கி நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதுவான காய். செடியில் இருக்கும்போது காய், இலை, தண்டு எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பொடி முள் இருக்கும். ஒரு வரிசை பறித்து முடிப்பதற்குள் முழங்கை வரைக்கும் அரிப்பு எடுத்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் வெண்டை பறிக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். மகன் கல்லூரிக்குப் போட்டுக் கிழித்த கட்டம்போட்ட சட்டை, வீட்டுக்காரர் யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த மினுமினுப்புச் சட்டை என்று காட்டுக்குள் பல நிறங்கள் குனிந்து நிமிரும்.

எங்கள் தோட்டம் சோமனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஓரத்தில் தென்னை, நடுவில் வாழை, கிணற்றுப் பக்கம் வெண்டை. விவசாயம் முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோட்டத்தில் எனக்குள்ள வேலை, லீவு நாளில் ஆட்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பதும், கேட்காமலே கருத்துச் சொல்வதும்தான்.

என் தம்பிக்குத் திருப்பூரில் ஒரு கடை. ஏற்றுமதிக்குத் தைத்து, ஏதோ ஒரு குறையால் கப்பலேறாமல் நின்றுபோகும் துணிகளை மொத்தமாக எடுத்து விற்கிறவன். பறிக்கிற பெண்களுக்குப் பழைய முழுக்கைச் சட்டை இருந்தால் கொடு என்று அவனிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவன் வேனில் பெரிய மூட்டை ஒன்றோடு வந்து இறங்கினான்.

"அக்கா, சட்டை கேட்டீங்கல்ல. கொண்டாந்துட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று திட்டுத்திட்டாக நிறம் அப்பிய சட்டைகள். மிலிட்டரி டிசைன் என்று எல்லோரும் சொல்வோமே, அதுதான். சட்டைக்கு நடுவே சில பேன்ட்டுகளும் தொப்பிகளும்கூட இருந்தன.

"ஏன்டா கண்ணு, இதப் போட்டா போலீஸ் புடிக்காதா?"

"இது மிலிட்டரியே இல்லீங்க்கா. வெளிநாட்டுல மான் வேட்டைக்குப் போறவங்களுக்குத் தெச்சது. மான் கண்ணுக்கு ஆளு தெரியக் கூடாதுன்னு இப்படி டிசைன். எடது கைப் பச்சையும் வலது கைப் பச்சையும் ஒத்துப்போகலைன்னு வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

"நம்ம காட்டுல மான் ஏது?"

"மான் இல்லாட்டி என்ன, வெண்டக்கா இருக்குதில்ல," என்றான். காசு வேண்டாம், கடையில் இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டால் போதும் என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பறிக்க வரும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா உண்டு. என்னைவிட மூத்தவர். நல்ல உயரம். அவர் ஒன்றைச் சொன்னால் மற்றப் பெண்கள் கேட்பார்கள். என் வீட்டுக்காரரும் கேட்பார். அந்த அக்காதான் முதல் சட்டையை எடுத்து உதறி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டிசைனை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"டீச்சருங்க, இதுல பாக்கெட்டு இருக்குதுங்க."

நெஞ்சில் இருந்தது, இடுப்பில் இருந்தது, போதாததற்குக் கையிலும் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மூடி போட்டுப் பட்டன் வைத்திருந்தார்கள்.

"போனை இடுப்புல சொருகிட்டுக் குனிஞ்சா வாய்க்கால்ல உழுந்துபோகுதுங்க. வெத்தலப் பொட்டலத்த வெக்க எடமில்லீங்க. ஊட்டுச் சாவிய முந்தானைல முடிஞ்சு முடிஞ்சு சேல கிழிஞ்சுபோச்சுங்க. இந்தச் சட்டை நெம்ப நல்லா இருக்குதுங்க."

அடுத்த நிமிஷம் மூட்டை காலி. என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு தனக்கென்று ஒரு சட்டை, ஒரு பேன்ட், ஒரு தொப்பி என்று முழு செட்டாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் பீரோக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது அம்மணி?"

"எல்லையில சண்டை வந்தா கூப்பிடுவாங்க, தயாரா இருங்க," என்றேன்.

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை, டீ நிறைந்த தூக்குப்போசியோடு வெண்டைக்காட்டுக்குப் போனேன். செடிகள் மார்பளவு வளர்ந்து நின்றன. காட்டில் ஒருவரும் இல்லை. காய்க்கூடைகள் மட்டும் வரப்பில் வரிசையாக இருந்தன. இந்நேரத்துக்கே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்களா, அல்லது வரவே இல்லையா என்று புரியவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். என் காலடியிலிருந்து மணியடித்தது.

"இங்கதானுங்க இருக்கறேன் டீச்சருங்க," என்று செடிக்குள்ளிருந்து அக்கா எழுந்தார். நான் போசியை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டதே பெரிது. அவரைத் தொடர்ந்து அங்கொருவர் இங்கொருவராக எல்லோரும் எழுந்து சிரித்தார்கள். நான் தம்ளர் தேடியதையும், யாருமில்லை என்று நினைத்து சத்தமாக ஏதோ முணுமுணுத்ததையும் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எண்ணுவது பெரிய பாடாகிவிட்டது. வகுப்பில் எத்தனை தலை குறைகிறது என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுகிற எனக்கு, என் தோட்டத்தில் ஆட்களை எண்ண முடியவில்லை. ஒருபக்கம் எண்ணி முடித்து மறுபக்கம் திரும்பினால் எண்ணிய பக்கத்தில் புதிதாக ஒருவர் எழுந்திருப்பார். கடைசியில் டீ ஊற்றும்போது, "இருக்கறவங்க எல்லாம் கையத் தூக்குங்க," என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருநாள் வாழைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கினார்.

மயில்களுக்கும் இதே குழப்பம். எங்கள் பக்கத்தில் மயில் தொல்லை அதிகம். பிஞ்சுகளைக் கொத்திப் போட்டுவிடும். விரட்டலாமே தவிர வேறொன்றும் செய்யக் கூடாது. முன்பெல்லாம் பெண்கள் காட்டில் இருக்கும்போது அவை வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கும். இந்தச் சட்டை வந்த பிறகு, காட்டில் ஆளில்லை என்று நம்பி நேராக உள்ளே நடந்து வந்தன. ஒரு மயில் அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் கூடவே காய் பறித்துக்கொண்டு வந்திருக்கிறது. வரிசை முடிகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். மயில் போட்ட சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. அக்கா போட்ட சத்தம் அதற்கு அடுத்த ஊர் வரைக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் அளவில்லாத பெருமை. "வெளிநாட்டுக்காரன் கண்டுபுடிப்புன்னா சும்மாவா," என்பார். தோட்டத்துக்கு மட்டும் போட்டவர், போகப்போக மளிகைக் கடைக்கும் பேங்குக்கும் அதையே போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். எங்கள் மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். அவள் லீவுக்கு வந்தபோது போத்தனூர் ஸ்டேஷனுக்கு அழைத்துவரப் போனதும் அந்த வேஷத்தில்தான். தொப்பியையும் விடவில்லை.

நானும் கூடப் போயிருந்தேன், ஆனால் சேர்ந்து நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, டீக்கடைக்குப் பக்கத்தில், யாரோ மாதிரி நின்றேன். பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் வந்து பாலக்காடு வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு அம்மா பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு பச்சைப் பையைத் தோளில் மாட்டிய, முடியை ஒட்ட வெட்டிய ஓர் இளைஞர் வந்தார். நின்ற விதத்திலேயே அவர் நிஜமான ராணுவக்காரர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. விறைப்பாக நின்று இந்தியில் ஏதோ கேட்டார். 'யூனிட்' என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு விளங்கியது. என் வீட்டுக்காரருக்கு அதுவும் விளங்கவில்லை. ஊர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"சோமனூர்ப் பக்கமுங்க. வெண்டக்காடு."

அந்த இளைஞர் தொப்பியிலிருந்து செருப்பு வரைக்கும் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நான் பல்லடமுங்ணா," என்றார். "லீவுல வாரேன். சட்டைய எங்கீங்க புடிச்சீங்க? எங்களோடதே இவ்வளவு புதுசா இல்லீங்க."

இரண்டு பேரும் பிறகு வெண்டை விலை, மழை, பல்லடத்தில் எந்தக் கடையில் டிபன் நன்றாக இருக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது அந்த இளைஞர், "அண்ணா, இதப் போட்டுட்டு ஸ்டேஷன், ஏர்போர்ட் பக்கமெல்லாம் வர வேண்டாமுங்க. எல்லாரும் என்னாட்டச் சிரிச்சுட்டுப் போக மாட்டாங்க," என்று பணிவாகச் சொன்னார்.

ரயிலிலிருந்து இறங்கிய மகள் தூரத்திலேயே அப்பாவைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் மறுபடி ரயிலில் ஏறிவிடலாமா என்று யோசித்ததாகப் பிறகு சொன்னாள். காரில் ஏறியதும் முதல் பேச்சே அதுதான்.

"அப்பா, அது ஆளு தெரியாம இருக்கறதுக்குப் போடற டிரஸ். ஸ்டேஷன்ல உங்களைத் தவிர வேற யாருமே கண்ணுக்குத் தெரியல."

அதற்குப் பிறகு அவர் வெளியூருக்கு அதைப் போடவில்லை. தோட்டத்தில் மட்டும் விடவில்லை.

மார்கழி பிறந்தது. எங்கள் பக்கத்துப் பனியைக் குறைத்துச் சொல்ல முடியாது. விடிந்த பிறகும் வெகுநேரம் வரைக்கும் எதிரே இருக்கிற மரம் நிழலாகத்தான் தெரியும். பத்தாம் வகுப்புக்கு அப்போது காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. நான் வழக்கத்தைவிட வெள்ளெனவே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். வீட்டிலிருந்து தார்ரோட்டுக்குப் போவதற்கு இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட மண்பாதை இருக்கிறது. அதை இட்டேரி என்போம். ஒரு வண்டி போனால் எதிரே வருகிறவர் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம்.

அன்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் போனேன். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. வலப்பக்கம் வேலி. கிளுவையின் பச்சை, காய்ந்த கொடியின் பழுப்பு, இடுக்கில் கறுப்பு. திருப்பத்தில் அந்த வேலி கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு வேலிக்குக் கால் இருந்தது. சேலைக் கரைக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்ட கால்கள். ஒன்றல்ல, வரிசையாக.

பிரேக்கை அழுத்தி ஹேண்டிலை மறுபக்கம் வெட்டினேன். ஸ்கூட்டி ஈர மண்ணில் வழுக்கி இடப்பக்க வேலிக்குள் பாய்ந்தது. நானும் கூடவே பாய்ந்தேன். டிபன் பாக்ஸ் திறந்து தக்காளி சாதம் கிளுவைமேல் தெறித்தது. கொஞ்ச நேரம் எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஏழெட்டுக் கைகள் என்னைப் பிடித்து வெளியே இழுத்தன. எல்லாம் மிலிட்டரிக் கைகள்.

"டீச்சருங்க, நாங்க வாரது தெரியலீங்களா?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குங்க வேலில உழறேன்?"

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வரிசையில் முதலில் வந்தவர் அவர்தான். என் ஸ்கூட்டியின் கண்ணாடி அவருடைய சட்டைக் கையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. கைப்பாக்கெட்டின் பட்டன் பிய்ந்து தொங்கியது. அவர் முதலில் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேலி ஓரமாகவே உட்கார்ந்து, "சித்த தண்ணி குடுங்க கண்ணு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. என் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வலிக்கவில்லை. இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இட்டேரி முடிந்தால் தார்ரோடு. அவர்கள் தினமும் அதில்தான் வெகுதூரம் நடந்து வருகிறார்கள். அங்கே பால் வேன் என்னை மாதிரி மெதுவாக வராது.

அன்று பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர் என் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே தன் துணிக்காக வாதாடினார்.

"துணி மேல தப்பில்ல அம்மணி. பனி மேல தப்பு."

"பனியத் திருப்பி அனுப்ப முடியாதுங்க. துணிய அனுப்பலாம்."

ஆனால் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மறுநாள் காட்டுக்குப் போய், இனிமேல் இந்தச் சட்டை வேண்டாம், பழைய சட்டையையே போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். ஒரு முகமும் மலரவில்லை.

"பழைய சட்டைல பாக்கெட்டு ஒண்ணுதானுங்க," என்றார் அக்கா. உரசல் பட்டவரே இப்படிச் சொன்னால் மற்றவர்களிடம் நான் என்ன பேசுவது?

"ரோட்டுல கழட்டிக் கையில வெச்சுட்டு, காட்டுக்கு வந்து போட்டுக்குங்க."

"பனிக்குத்தானுங்க ரோட்டுல போடறதே."

அதுவும் நியாயம்தான். தம்பிக்கு போன் போட்டு, வேலியில் விழுந்த கதையைச் சொல்லி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் அனுப்பு என்றேன். அவன் பதறிப்போய் அடுத்த நாளே அனுப்பினான். சைக்கிள் பந்தயக்காரர்களுக்குத் தைத்த, முழுக்கை வைத்த, கண்ணைக் கூசவைக்கும் பளீர் மஞ்சள் பனியன்கள். இருட்டில் வைத்தால் அறையே விடிந்துவிடும் போலிருந்தது. பாக்கெட் முதுகில் இருந்தது. முதுகில் இருக்கிற பாக்கெட்டில் வெற்றிலையை வைத்து எப்படி எடுப்பது என்று கேட்டுவிட்டு, எனக்காகப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டு மாடியில் நின்றே ஆட்களை எண்ணிவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் டீயோடு கிட்டே போனால் யாரும் காய் பறிக்கவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பனியனிலும் எள்ளைத் தூவின மாதிரி பூச்சி. வெள்ளை ஈ, அசுவினி, இன்னும் பெயர் தெரியாத பொடிசுகள். காட்டில் இருந்த அத்தனையும் செடியை விட்டுவிட்டு இவர்கள்மேல் குடியேறியிருந்தன.

விஷயம் என்னவென்றால், வெண்டைக்கு வரும் பூச்சிகளுக்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர். அதனால்தான் மஞ்சள் அட்டையில் பசை தடவிக் காட்டில் தொங்கவிடுகிறோம். எங்கள் காட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். அட்டையையும் பனியனையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. அப்போதுதான் வீட்டுக்காரர் வாழைக்குள்ளிருந்து வந்தார். அவருடைய மிலிட்டரிச் சட்டையில் ஒரு பூச்சி இல்லை. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார்.

"இந்த வருஷம் அட்டை வாங்க வேண்டாம் போல இருக்குது," என்றார்.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வந்த வழியே வாழைக்குள் போய்விட்டார்.

தம்பியிடம் மறுபடி பேசினேன். இந்த முறை அவனும் கொஞ்சம் விசாரித்து வைத்திருந்தான்.

"அக்கா, அந்த வேட்டைக்காரங்க வெறும் மிலிட்டரிச் சட்டையோட போறதில்லீங்களாம். அதுக்கு மேல ஆரஞ்சுத் துணி ஒண்ணு போடுவாங்களாம். மானுக்கு ஆரஞ்சு பெருசா எடுத்துக் காட்டாதாம். மனுசன் கண்ணுக்குத் தூரத்துலயே தெரியும். இல்லாட்டி ஒருத்தனையொருத்தன் மானுன்னு நெனச்சுச் சுட்டுப்போடுவாங்களாம்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாடா?"

"நீங்க வெண்டக்காய்க்குத்தானுங்க கேட்டீங்க."

அவன் கடையில் வெட்டுத்துணி நிறையக் கிடந்தது. அதில் பளிச்சென்ற ஆரஞ்சு மட்டும் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் ஷெட்டில் என் தையல் மெஷினைப் போட்டேன். பெண்கள் எல்லோரும் மிலிட்டரிச் சட்டையைத் துவைத்து எடுத்து வந்தார்கள். முதுகில் ஒரு பெரிய பட்டை, கையில் ஆளுக்கு இரண்டு வளையம் என்பது என் திட்டம். அது அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அக்கா முதுகில் சதுரம்தான் வேண்டும், பட்டை போட்டால் குண்டாகத் தெரியும் என்றார். ஒருத்தி வண்ணத்துப்பூச்சி வெட்டித் தரச் சொன்னாள். இன்னொருத்தி பாக்கெட் மூடிகளை எல்லாம் ஆரஞ்சாக மாற்றினாள். எந்தப் பாக்கெட்டையும் மறைக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். முடிந்ததும் வரிசையாக மாட்டிக்கொண்டு இட்டேரியின் கோடி வரைக்கும் நடந்து போகச் சொன்னேன். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போன பிறகும், வேலி இடுக்கில் ஆரஞ்சு தெரிந்துகொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் சட்டையைத் தரவில்லை.

"நான் ரோட்டுல நடக்கறதில்லையே. தோப்புக்குள்ளயே இருக்கறவனுக்கு எதுக்கு? நல்ல சட்டையக் கெடுக்காத அம்மணி."

நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

பனி குறைந்த சமயத்தில் தேங்காய் வெட்டு வந்தது. எங்கள் தென்னை எல்லாம் நெட்டை மரம். வெட்டுக்கு வழக்கமாக வருகிற மரமேறி ஒருவர் இருக்கிறார். மேலே போனதும் ஒருமுறை கீழே நன்றாகப் பார்ப்பார். ஆள் இல்லை என்று உறுதியானால்தான் குலையில் அரிவாளை வைப்பார். அன்று எனக்கு லீவு. நான் தோப்புக்கு வெளியே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மேலே அவர் கீழே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பார்த்தார், திரும்பிக்கொண்டார், வெட்டினார்.

குலை விழுகிற சத்தம் தொப்பென்று கேட்கும். அன்று அதோடு சேர்ந்து "யோவ்" என்று இன்னொரு சத்தமும் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தடியில், காய்ந்த மட்டைக்கும் நிழலுக்கும் நடுவில், என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் குலைக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. தொப்பியை ஒரு தேங்காய் தட்டிக்கொண்டுபோய் வாய்க்காலில் போட்டிருந்தது. அவர் கையில் குழாயைப் பிடித்தபடியே இருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

மரமேறி சரசரவென்று இறங்கி வந்தார். அரிவாளைக் கீழே போட்டார்.

"ஏனுங்ணா, அடியில இருக்கறீங்கன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதுங்களா? ரண்டு மூணு தடவ பாத்தனுங்க. மேலருந்து வெறும் மண்ணும் மட்டையுந்தானுங்க தெரிஞ்சுது."

"நீங்க பாத்தத நானும் பாத்தனுங்க," என்றார் என் வீட்டுக்காரர், மெல்லிய குரலில். "என்னையப் பாத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அப்புறத்துக்கு வைத்துக்கொண்டேன். மரமேறிக்கும் அவருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.  குடித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மணி, அந்த ஆரஞ்சுத் துணி மிச்சம் இருக்குதா?"

இருந்தது. முதுகில் வேண்டுமா, கையில் வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தோளிலும் தொப்பியின் உச்சியிலும் வேண்டும் என்றார். மேலேயிருந்து பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. இரண்டு தோளுக்கும் அகலமாக வைத்துத் தைத்தேன். தொப்பியின் உச்சிக்கு ஒரு வட்டம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இந்த முறை வயிற்றை இழுக்கவில்லை.

அடுத்த தேங்காய் வெட்டுக்குள் வெயில் காலம் வந்துவிட்டிருந்தது. மரமேறி உச்சிக்குப் போய், வழக்கம்போல் கீழே குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் அடுத்த மரத்தடியில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நல்லாத் தெரியறீங்க," என்று மேலிருந்து குரல் வந்தது. "அப்படியே சித்த அக்கட்டப் போங்க."

அவர் அக்கட்டத் தள்ளிப் போனார். தேங்காய் விழ ஆரம்பித்தது.